தருமலிங்கம் அண்ணனுக்கு வந்த சொல்

1

இந்த மே மாதத்தோடு நான் இங்கே, இங்கிலாந்தில், மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வந்து பதினொரு வருடமாகிவிட்டது. வைத்தியசாலை, வீட்டுவசதிக் கந்தோர், பள்ளிக்கூடம், சில நாட்களில் நீதிமன்றம் என்று, ஆங்கிலம் தெரியாமல் ஒரு தமிழர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அங்கே என்னை அனுப்புவார்கள். பிள்ளைப்பேற்றுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன், விவாகரத்துக்கும் மொழிபெயர்த்திருக்கிறேன். ஒருமுறை செத்துப்போன பூனையைச் சாம்பலாக்கித் தரும் இடத்தின் படிவத்தை, பூனைக்காரி அழ அழ, கடைசி வரி வரைக்கும் மொழிபெயர்த்தேன். சாய்ந்தமருதில் இருக்கும் என் தோழிகளுக்கு இது விளங்குவதில்லை. கதைக்கிறதும் ஒரு வேலையா என்று கேட்கிறார்கள்.

வேலைதான். அதற்குச் சட்டங்கள் உண்டு. சொல்லப்படும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். ஒரு மனிசன் தமிழில் 'எனக்கு மூலம்' என்றால், நான் ஆங்கிலத்தில் வைத்தியரைப் பார்த்து, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், 'எனக்கு மூலம்' என்று சொல்ல வேண்டும். பதினொரு வருடத்தில் எனக்கு வராத வியாதி இல்லை.

இந்தப் பங்குனியில் என்னை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மொழி: தமிழ். விடயம்: தியானம். நாட்கள்: நான்கு. குறிப்பு: தாழ்ந்த குரலில் கதைக்கவும்.

விசாரித்தபோது விபரம் கிடைத்தது. ஒரு வயதான தமிழருக்குக் கண்புரை. இரண்டு கண்ணிலும். சத்திரசிகிச்சைக்கு மூன்று முறை நாள் கொடுத்து, மூன்று முறையும் மேசைக்குப் போகுமுன்னே பிறஷர் ஏறி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருந்து கூட்டியும் சரிவரவில்லை. வீட்டில் பார்த்தால் ஓரளவு இருக்கும் பிறஷர், வைத்தியசாலை வாசலைக் கண்டதும் ஏறுகிறது. ஆகவே அவருடைய வைத்தியர் அவரை, வேத வழியில் வந்த மந்திர தியானத்துக்குப் பரிந்துரைத்திருக்கிறார். இது கஷ்டப்பட்டுச் செய்யும் தியானம் இல்லை என்றும் மூச்சை அடக்க, மனதைக் கட்ட எதுவும் வேண்டாமென்றும் மின்னஞ்சலில் எழுதியிருந்தது. கற்றுக்கொடுப்பவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி.

என் கணவர் நௌபருக்கு இது பிடிக்கவில்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் யோசித்தார்.

"மந்திரமெல்லாம் நமக்குக் கூடுமா புள்ள?"

நான் வெறும் குழாய்தானே என்றேன். தண்ணி அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் போகும், குழாய்க்கு என்ன ஹறாம் என்று கேட்டேன். அவர் அதற்கும் யோசித்தார். ஆனால் மறுப்புச் சொல்லவில்லை.

2

சன சமூக மண்டபத்தின் பின்னறையில் தருமலிங்கம் அண்ணனை முதலில் கண்டேன். அறுபத்தெட்டு வயது. மகன் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, போனில் கதைத்தபடியே போய்விட்டார். அண்ணன் கதிரையின் நுனியில், எழும்பப்போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பினார். கண்ணில் பால் கலந்ததுபோல் ஒரு வெள்ளை.

"எந்த ஊர் தங்கச்சி?"

சட்டப்படி அதையும் மொழிபெயர்க்க வேண்டும். என் ஊர் எதென்று நானே என்னைக் கேட்டதாக ஹெலனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். ஹெலன்தான் ஆசிரியை. எழுபதைத் தொட்டவர், பஞ்சு போன்ற குரல். நீங்களும் சொல்லுங்களேன், எனக்கும் கேட்க ஆசை என்றார்.

"சாய்ந்தமருது."

"நான் வீரமுனை" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. கல்முனையிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் பஸ்ஸில், மாவடிப்பள்ளித் தாம்போதியைக் கடந்து அந்தப் பக்கம் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அந்த வீதியில் தமிழர்களான அவர்களும் போகாத, முஸ்லிம்களான நாங்களும் போகாத யுத்த நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் யார் யாரை இழந்தார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஹெலன் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, இப்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

பிறகு அண்ணனே தன்னைப் பற்றிச் சொன்னார். ஊரில் இருபத்தாறு வருடம் வட்டவிதானையாக இருந்தவர். எங்கள் பக்கத்தாருக்கு அது என்ன வேலையென்று தெரியும். தெரியாதவர்களுக்கு: வாய்க்கால் தண்ணியை எந்த வயலுக்கு எந்த நேரம் விடுவதென்று பார்க்கும் ஆள். வாய்க்கால் துப்புரவாக இருக்கிறதா, யார் களவாக வரம்பை வெட்டினான், யார் முறை தவறித் தண்ணி கட்டினான், எல்லாம் அவர் பார்க்க வேண்டும். மனைவி மௌத்தான பிறகு மகன் இங்கே கூப்பிட்டுக்கொண்டான். கண்ணைச் செய்துவிட்டால் ஊருக்குத் திரும்பலாம். செய்யாமல் தனியே போனால் வாய்க்காலுக்குள் விழுந்து சாவாய் என்று மகன் சொல்கிறான்.

"மௌத்தான" என்று நான் எழுதிவிட்டேன். அவர் சொன்னது "மோசம் போன" என்று. சாவுக்கு எங்கள் வீட்டுச் சொல் அது, பழக்கதோசம்.

ஹெலன் அறிமுகப் பேச்சைத் தொடங்கினார். இந்தத் தியானத்தின் உயிரே முயற்சியில்லாமைதான் என்றார். அதை எப்படிச் சொல்வதென்று கொஞ்சம் தடுமாறி, "முயற்சி செய்யாதீங்க, சிரமப்படாதீங்க" என்றேன்.

"அப்ப நான் வீட்ட போகட்டா?" என்று கேட்டு, அண்ணன் உண்மையாகவே எழும்பிவிட்டார்.

உட்கார வைத்தோம். ஹெலன் வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தார். மனதைத் தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம், அதன் பாட்டில் விட்டால் அது தானாக அமைதியான இடத்துக்கு இறங்கும் என்றார். இந்த இடத்தில் நான் ஒரு பிழை செய்தேன். "தண்ணி இறங்கிற மாதிரி" என்று என் பங்குக்கு ஒரு சொல் கூட்டிவிட்டேன். இருபத்தாறு வருடம் தண்ணி பார்த்த மனிசனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

தண்ணியைச் சும்மா விட்டால் அது பள்ள வயலுக்குத்தான் போகும் என்றார் அவர். அப்படியானால் மேட்டு வயல்காரன் என்ன செய்வது? வாய்க்காலில் செத்தை அடைத்தால் யார் எடுப்பது? சும்மா விட்டு விளைந்த வயல் ஒன்றை இந்த அம்மாவால் காட்ட முடியுமா? இருபது நிமிடம் தண்ணி முகாமைத்துவம் பற்றி அவர் கதைத்தார், நான் ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஹெலன் கண்ணை மூடிக் கேட்டார். முடிவில், அதேதான், மனசுக்கும் பள்ளம்தான் பிடிக்கும் என்றார்.

"அப்ப பள்ளத்துக்குப் போறத்துக்கு ஒரு வகுப்பு எதுக்கு?" என்றார் அண்ணன்.

ஹெலன் சிரித்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்றார். இரண்டு பழம், சில பூக்கள், ஒரு வெள்ளைக் கைக்குட்டை கொண்டுவரச் சொன்னார்.

3

மறுநாள் அண்ணன் இரண்டு ஆப்பிளும், மகனின் முற்றத்தில் பறித்த மஞ்சள் பூவும், ஒரு தலையணை உறையும் கொண்டுவந்தார். மகன் வீட்டில் யாரிடமும் கைக்குட்டை இல்லையாம், எல்லாரும் ரிஷ்யூக் கடதாசியில் மூக்குத் துடைக்கிறவர்களாம். உறை வெள்ளையாக இருக்கிறது, போதும் என்று ஹெலன் வாங்கி மடித்துவைத்தார்.

ஒரு சிறு மேசையில் துணி விரித்து, தன் குருமாரின் படத்தை வைத்து, ஹெலன் பூசைக்கு ஆயத்தமானார். இது நன்றி சொல்லும் சடங்குதான், நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மண்டபத்தின் கூரையில் புகை கண்டால் கத்தும் கருவி இருந்ததால் நெருப்புக்குத் தடை. ஆகவே விளக்குக்குப் பதிலாக பற்றரியில் எரியும் ஒரு மெழுகுதிரி. அது நிசமான சுவாலைபோல ஆடியது.

நான் கதவோரம் போய் நின்றேன். அங்கே தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று தொங்கியது. பூசை முடியும்வரை அதில் எழுதியிருந்த விதிகளை மேலிருந்து கீழாகவும் பிறகு கீழிருந்து மேலாகவும் வாசித்தேன். ஹெலன் சமஸ்கிருதத்தில் அழகாகவே பாடினார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்ப்புக்காக.

எனக்கு இது விளங்காது அண்ணன் என்றேன்.

"எனக்கும் விளங்காது. ஊரில ஐயர் செல்லக்குள்ளயும் விளங்காது. அது பரவால்ல" என்று என்னை ஆறுதல்படுத்தினார்.

ஹெலன் முடித்ததும் அண்ணன் தானாக முன்னே போய், இரண்டு கைகளையும் அந்த மெழுகுதிரியின் மேல் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: "சூடில்ல."

மொழிபெயர்த்தேன். அது பற்றரி என்றார் ஹெலன். அதையும் மொழிபெயர்த்தேன்.

"தெரியும்" என்றார் அண்ணன்.

இனி மந்திரம். அங்கேதான் சிக்கல். அந்தச் சொல் குருவுக்கும் மாணவருக்கும் மட்டும் உரியது, மூன்றாம் ஆள் கேட்கக் கூடாது, நான் வெளியே போக வேண்டும் என்றார் ஹெலன். எங்கள் நிறுவனத்தின் சட்டப்படி, நோயாளி இருக்கும் அறையை விட்டு மொழிபெயர்ப்பாளர் போகக் கூடாது. ஹெலன் தன் மேலிடத்துக்குப் போன் போட்டார், நான் என் மேலிடத்துக்குப் போன் போட்டேன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு உடன்பாடு வந்தது. நான் அறைக்குள் இருப்பேன். சுவரைப் பார்த்து நின்று, இரண்டு காதிலும் விரல் வைத்துக்கொள்வேன்.

உழவு மெஷின் சத்தத்தில் அண்ணனின் இடது காது எப்போதோ மந்தமாகிவிட்டது என்பதை ஒருவரும் கேட்டறியவில்லை. ஹெலன் இடது காதுப் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னார்.

"ஆ?" என்றார் அண்ணன்.

கொஞ்சம் உரத்துச் சொன்னார். அவர் மறுபடியும் "ஆ?" என்றார். பக்கத்து மண்டபத்தில் பெண்களுக்கு உடற்பயிற்சி நடன வகுப்பு, பாட்டு சுவரை இடித்தது. ஐந்தாவது தடவை ஹெலன் சொன்னபோது, என் விரலைத் தாண்டி, மண்டையோட்டைத் தாண்டி, அந்தச் சொல் தெளிவாக உள்ளே வந்து உட்கார்ந்தது. அண்ணன் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். ஹெலன் பூரித்துப்போய் அவர் காதருகே இன்னும் ஏதோ பாராட்டாகச் சொன்னார். கேட்காத ஆளாக நின்ற நான், அதை மொழிபெயர்க்கவில்லை.

அந்த மந்திரத்தை நான் இங்கே எழுதமாட்டேன். என் கணவருக்கே சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கணினியில் வழமையான அறிக்கையை நிரப்பினேன். 'மொழிபெயர்க்கப்படாத சொற்கள்' என்ற கட்டத்தில் '1' என்று போட்டேன். காரணம் கேட்டது. 'இரகசியம்' என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: இரகசியச் சொல்லைத் தரச் சோதனைக்காகத் தனித்தாளில் எழுதி இணைக்கவும். என்னால் ஏலாது என்று எழுதினேன். அப்படியானால் அதன் பொருளை மட்டும் எழுதவும் என்றார்கள். அதற்குப் பொருள் கிடையாது, பொருள் இல்லாததுதான் அதன் சிறப்பென்று ஹெலன் சொல்லியிருக்கிறார் என்று எழுதினேன். பொருளில்லாத சொல் என்று ஒரு வகை எங்கள் முறைமையில் இல்லை என்று மூன்றாவது கடிதம் வந்தது. தரப்பட்ட காரணங்களில் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு ஒரு பட்டியலும் வந்தது. தொடர்பு துண்டிப்பு, நோயாளி வெளியேறினார், சத்தம். நான் 'சத்தம்' என்பதைத் தெரிவுசெய்தேன். உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

4

மூன்றாம் நாள் மூவரும் சேர்ந்து இருபது நிமிடம் உட்கார வேண்டியிருந்தது. மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. ஆங்கிலத்திலும் மௌனம், தமிழிலும் மௌனம். எதிரில் இருவர் கண்ணை மூடியிருக்க நான் மட்டும் விழித்துப் பார்ப்பது மரியாதையில்லை என்று நானும் மூடினேன். அந்தச் சொல் வந்தது. நான் கூப்பிடவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடல் எங்கள் வீட்டுக்குள் வந்து போன நாளிலிருந்து என் காது ஓய்ந்ததில்லை. தண்ணிக் குழாய் திறந்தால், லொறி போனால், பக்கத்து வீட்டில் கதிரை இழுத்தால், இது என்ன சத்தம் என்று முதலில் காது எழும்பிப் பார்க்கும், பிறகுதான் நான். கடலில் இருந்து அறுபது மைல் தள்ளி வந்தும் அது நிற்கவில்லை. இந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று பேர் எடுத்ததற்கு அந்தக் காதுதான் காரணம். அன்று அந்தச் சொல் இரண்டு மூன்று தடவை வந்து, பிறகு மெலிந்து, பிறகு அதுவும் இல்லாமல் போனது. பக்கத்து மண்டபத்துப் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் காது எழும்பவில்லை. ஹெலன் மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொன்னபோது அதை மொழிபெயர்க்க எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

பிறகு அந்தச் சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது. வெங்காயம் உரிக்கும்போது வந்தது. பஸ்ஸில் வந்தது. அசர் தொழுகைக்கு நின்று தக்பீர் கட்டியதும் வந்தபோது நான் பயந்துவிட்டேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொழுதேன். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்று நாள் என் முகத்தைப் பார்த்த நௌபர், தன்னோடுதான் ஏதோ கோபம் என்று நினைத்து, யாரும் சொல்லாமலே குப்பைத் தொட்டிகளை வெளியே கொண்டுபோய் வைத்தார். கடைசியில் அவரிடம் சொன்னேன். சொல்லைச் சொல்லவில்லை, விடயத்தைச் சொன்னேன்.

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். தேத்தண்ணி ஆறும் வரைக்கும் யோசித்துவிட்டு, "குழாய்க்குள்ள கொஞ்சம் தண்ணி தங்கத்தான் செய்யும் புள்ள. நீ கூப்பிடாம வாறத்துக்கு உன்னய ஆரும் கேக்கப்போறல்ல" என்றார். பிறகு, தொழும்போது வந்தால் செருப்பைப்போல வாசலில் விட்டுவிட்டுப் போ என்றார். அவர் பெரிதாக ஓதிப் படித்தவரில்லை. ஆனால் அது சரிவந்தது. விட்டுவிட்டுப் போகப் பழகினேன். முடித்துவிட்டு வந்தால் அது அங்கேயே இருக்கும்.

மகள் ஸஹ்ராவுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், அதுவும் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. சாய்ந்தமருதை 'உங்கட இடம்' என்பாள். இந்த வீட்டில் என்னால் மொழிபெயர்க்க முடியாதவள் அவள் ஒருத்திதான். அந்த வாரம் அவளே என்னைத் தேடி வந்து, தமிழில், "உம்மா, உங்களுக்கு வருத்தமா? நீங்க கத்தல்ல" என்று கேட்டாள். ஏழு நாளாக நான் சத்தம் போடவில்லை என்று அவள் கணக்கு வைத்திருந்தாள்.

சொன்னேன். அவளுடைய போனிலும் இப்படிக் கண்ணை மூடச் சொல்லும் ஏதோ ஒன்று இருக்கிறதாம். உங்களுடைய மந்திரம் என்னவென்று கேட்டாள். அது என்னுடையதில்லை என்றேன்.

"பின்ன யார்ட?"

"தருமலிங்கம் அண்ணன்ட."

அவள் அதைத் தன் சிநேகிதிகளுக்கு எப்படிச் சொன்னாளோ தெரியாது. ஆனால் பின்னேரங்களில் நான் கதிரையில் உட்காரும்போது, அவளும் எதிரே சோபாவில் வந்து இருக்கத் தொடங்கினாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. இருபது நிமிடம் நாங்கள் கதைப்பதில்லை. பல மாதங்களில் நாங்கள் ஒரே அறையில் இருந்த இருபது நிமிடம் அதுதான்.

5

இதற்கிடையில், நான்காம் நாள் வகுப்பு முடிந்து மகனின் காருக்காக மண்டப வாசலில் நின்றபோது, அண்ணன் ஒரு முறைப்பாடு சொன்னார்.

"தங்கச்சி, இது இரகசியம் எண்டுதானே இந்த அம்மா செல்லித் தந்தவ. ஊர் முழுக்கச் செல்றாங்களே."

யார் சொல்கிறார்கள் என்றேன். பஸ் ட்ரைவர் சொன்னானாம். மருந்துக் கடைப் பெட்டை சொன்னாளாம். மகனின் பக்கத்து வீட்டுக் கிழவர் தன் நாயைப் பார்த்துச் சொன்னாராம். முதலில் கோபம் வந்தது, பிறகுதான் விடயம் பிடிபட்டது என்றார். இந்த நாட்டில் எல்லாரும் இந்தத் தியானத்தைப் படித்திருக்கிறார்கள். அதனால்தான் வரிசையில் அவ்வளவு பொறுமையாக நிற்கிறார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹெலன் கொடுத்த சொல்லை இந்த ஊர் பஸ் ட்ரைவர் சொல்ல வாய்ப்பில்லை. அண்ணன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, நீங்கள் அன்று அறைக்குள்தானே இருந்தீர்கள், உங்களுக்குச் சொன்னால் குற்றமில்லை என்று, குனிந்து என் காதில் சொன்னார்.

"லுவ்லி."

இங்கிலாந்தின் இந்த நடுப்பகுதியில் சனங்கள் நல்லது, அழகு, சந்தோசம், நன்றி, சரி, போய்வாருங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். தெற்கே இருப்பவர்கள் 'லவ்லி' என்பதை இவர்கள் 'லுவ்லி' என்பார்கள். மந்திரத்தை அவர் சரியாகத் திருப்பிச் சொன்னபோது, ஹெலன் பூரித்துப்போய்ச் சொன்ன பாராட்டு அதுதான். கடைசியாகக் கேட்டதைக் காது பிடித்துக்கொண்டது. முன்னால் சொன்னது தவறி விழுந்துவிட்டது.

வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

"ஓம். கண்ண மூடி நாலு தரம் செல்லக்குள்ளயே உள்ளுக்கு ஆறுது. படுத்தா நித்திரை. மறுகா விடிஞ்சாத்தான் எழும்புறன்."

மகனின் கார் வந்துவிட்டது. நான் கதவைத் திறந்து அவரை ஏற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு முன்னான பரிசோதனை. அதற்கும் என்னையே போட்டிருந்தார்கள். வாசலுக்கு வந்ததும் அண்ணன் மகனின் கார் போன பக்கம் திரும்பினார். மூன்று முறை திரும்பிப்போன இடம். நேர்ஸ் ஒரு பெரிய உருவம், இந்த ஊர்க்காரி. அவர் சட்டைக் கையைச் சுருட்டியதும் "லுவ்லி" என்றாள். அண்ணன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பட்டியைச் சுற்றிவிட்டு "லுவ்லி" என்றாள். காலைக் குறுக்கே போடாமல் வைக்கச் சொல்லி, அவர் வைத்ததும் "லுவ்லி" என்றாள். அண்ணனின் தோள் மெல்லக் கீழே இறங்கியது.

இயந்திரம் ஊதி, இறங்கி, இலக்கம் காட்டியது. கூடத்தான் இருந்தது. ஆனால் முன்னையளவு இல்லை. ஐந்து நிமிடம் பொறுத்து இன்னொரு தடவை பார்ப்போம், அப்போதும் குறையாவிட்டால் சத்திரசிகிச்சைத் திகதியை மாற்ற வேண்டும் என்றாள் நேர்ஸ். அதை மொழிபெயர்த்தேன். பிறகு அவள் என்னைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் லுவ்லியாக இருக்கிறதென்று அவருக்குச் சொல்லுங்கள் என்றாள்.

இதற்குமுன் நான் ஒரு சொல்லைத் தவறவிட்டது காதில் விரல் இருந்ததால். இப்போது விரல் இல்லை. என் சட்டப்படி அந்தச் சொல்லை நான் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னால், பொருளில்லாமல் அவருக்குள் ஓடிய அந்தச் சொல்லுக்குப் பொருள் வந்துவிடும். பஸ் ட்ரைவரும் மருந்துக் கடைப் பெட்டையும் நாய்க்காரரும் ஒன்றாக அவர் மண்டைக்குள் வந்து நிற்பார்கள். பிறஷர் ஏறும். நான்காவது முறையும் அவர் பால் பிடித்த கண்ணோடு திரும்பிப் போவார். சொல்லாமல் விட்டால் நான் நம்பத்தகாத மொழிபெயர்ப்பாளர். நேர்ஸ் காத்திருந்தாள்.

நான் அண்ணன் பக்கம் குனிந்து, கேட்கும் காதில், "லுவ்லி" என்றேன்.

அவர் கண்ணை மூடினார். நேர்ஸும் நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் கழித்து இயந்திரம் காட்டிய இலக்கத்தை நேர்ஸ் இரண்டு முறை வாசித்தாள். பிறகு அவள் என்ன சொன்னாள் என்று நான் எழுதத் தேவையில்லை.

6

முதல் கண் நல்லபடி முடிந்தது. ஆறு வாரம் கழித்து மற்றக் கண். சத்திரசிகிச்சைகளுக்கு வேறு ஆட்களைப் போட்டிருந்தார்கள், கடைசிப் பரிசோதனைக்கு மறுபடி நான் போனேன். வைத்தியர் விளக்கு அடித்துப் பார்த்து, ஒரு சொல்லில் முடித்துவிட்டார். எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு, வைத்தியசாலை வாசலில் மகனுக்காக நின்றோம். என் நேரம் முடிந்திருந்தது. முதன்முதலாக நாங்கள் இருவரும் வேலையில்லாமல் நின்றோம்.

இவ்வளவு நாளும் என் முக்காட்டை மட்டும்தான் பார்த்தாராம், இன்றைக்குத்தான் முகத்தைப் பார்க்கிறாராம். குரலுக்கு இன்னும் வயதான ஆளை நினைத்திருந்ததாகச் சொன்னார். கண் வந்த பிறகு வீட்டில் ஒரே கரைச்சல் என்றும் சொன்னார். மகனின் வீடு இவ்வளவு தூசி என்று தெரியாமல் ஒன்றரை வருடம் நிம்மதியாக இருந்துவிட்டாராம். இப்போது ஒட்டறை தெரிகிறது, சோற்றுக்குள் கறுப்பு தெரிகிறது, மகனின் தலையில் நரை தெரிகிறது. பிறஷர் கொஞ்சம் கூடித்தான் இருக்காம். அடுத்த மாதம் ஊருக்கு ரிக்கற் போட்டாயிற்று, அங்கே போனால் சரியாகும்.

அவர் போகப்போகிறார் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொருவரின் பொருளை வைத்துக்கொண்டு வழியனுப்புவதா?

"அண்ணன், ஒண்டு செல்லணும். ஹெலன் உங்களுக்குத் தந்த சொல் அது இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். புதுக் கண்ணின் பார்வை கூர்மையாக இருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். காதில் விரல் வைத்து நின்றதையும், அது தாண்டி வந்ததையும், அவருக்கு எது மிஞ்சியதென்பதையும். எப்போது தெரியும் என்று கேட்டார். மண்டப வாசலில் நின்ற அன்றைக்கே தெரியும் என்றேன். சொட்டு மருந்துப் போத்தலைக் கையில் உருட்டினார். ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்கிறாரோ என்று பயந்தேன். அவர் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே ஏற்கனவே கிடப்பதோடு இதுவும் சேரப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்ப என்ட சொல் இப்ப ஆரிட்ட?"

"என்னட்டத்தான் அண்ணன்."

"வேல செய்யுதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஓம்" என்றேன்.

வேண்டுமென்றால் இப்போதே காதில் சொல்லிவிடுகிறேன் என்று குனியப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். வாய்க்கால் கூட்டத்தில் தீர்ப்புச் சொல்கிறவர்போல நிமிர்ந்து நின்றார்.

"முறை மாறிப் போன தண்ணிக்காக நான் ஒருநாளும் மற்றவன்ட வரம்ப வெட்டினதில்ல தங்கச்சி. பாய்ஞ்ச வயல் வெளையட்டும்."

"உங்களுக்கு?"

"எனக்கு மற்றதே காணும், போதும். அதுக்கு என்ன அர்த்தம் எண்டு மட்டும் செல்லிப்போடாதீங்க."

மகனின் கார் வந்து நின்றது. அண்ணன் முன் சீற்றில் ஏறி, பட்டியைத் தானே பூட்டிக்கொண்டு, கண்ணை மூடினார். மகன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, வைத்தியர் என்ன சொன்னவர் என்று என்னிடம் கேட்டார்.

வைத்தியர் சொன்னது ஒரே ஒரு சொல். நான் காரைச் சுற்றி மகனின் பக்கம் போய், அண்ணனின் கேட்கும் காது அந்தப் பக்கம்தான் என்பதால் குரலை நன்றாகத் தாழ்த்தி, "நல்லாயிருக்காம்" என்றேன்.